கே-39 நான்தான்

என் வியாதி என்ன என்று எனக்குத் தெரிவதற்கு மூன்று மாதம் முன்பே உங்களுக்குத் தெரியும், விஞ்ஞானி அம்மா. நீங்கள் சொல்லவில்லை. அந்த மூன்று மாதத்தில் மிச்சமிருந்த நடையையும் இழந்தேன். இரண்டு கைகளையும் இழந்தேன். என் சோற்றை நானே பிசைந்து சாப்பிடுவதை இழந்தேன். நீங்கள் அந்த நேரத்தில் மேடையில் காட்டப் படம் தயார் செய்துகொண்டிருந்தீர்கள்.

இப்போது உடம்பு தேறியிருக்கிறது. உட்கார்ந்து யோசிக்க நேரம் இருக்கிறது. நடந்ததை நடந்த வரிசையில் சொல்கிறேன். இதே வியாதி வந்து, டாக்டர் சொல்வது புரியாமல் படுத்திருக்கும் யாருக்காவது உதவட்டும்.

என் பெயர் தனலட்சுமி. வயது நாற்பத்திரண்டு. திருப்பூரில் ஓர் எக்ஸ்போர்ட் பனியன் கம்பெனியில் பத்தொன்பது வருடமாகச் செக்கிங் மேஜையில் நிற்கிறேன். தைத்து வரும் பீஸை ட்யூப் லைட் வெளிச்சத்தில் விரித்துப் பார்க்க வேண்டும். தையல் விட்டிருந்தாலோ, ஓட்டை இருந்தாலோ, எண்ணெய்க் கறை இருந்தாலோ அந்த இடத்தில் சிவப்பாக ஒரு சின்ன அம்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். அம்பு ஒட்டிய பீஸ் பெட்டிக்குள் போகக் கூடாது. தைத்தவரிடம் திரும்பிப் போய், சரியாகி வந்த பிறகுதான் அம்பை உரிப்போம். இவ்வளவுதான் என் வேலை. இதைச் சரியாகச் செய்யத் தெரியும்.

வியாதி அந்த ஸ்டிக்கரில்தான் தொடங்கியது. வைகாசியில் ஒரு நாள், தாளிலிருந்து அம்பை உரிக்க நகம் போகவில்லை. மூன்று தடவை முயன்றேன். பக்கத்து மேஜை நூர்ஜஹான் பார்த்துக்கொண்டிருந்தாள். திருப்பூர் ராயபுரத்துக்காரி, என்னைவிட ஆறு வயது இளையவள், எட்டு வருடமாக என் பக்கத்து மேஜை.

"என்னக்கா, அம்பைத் தடவிக் குடுத்துட்டு இருக்கறீங்க? அதுக்கு வலிக்கும்னா?"

"வெரலு மரத்தாப்பல இருக்குது நூரு."

"ஒன்றரை ஷிப்ட்டு நின்னா வெரலு மட்டுமா மரக்கும்."

அவள் சொன்னது சரிதான் என்று விட்டுவிட்டேன். ஒரு மாதத்தில் பாதம் மரத்தது. தரையில் நடப்பது பனியன் வேஸ்ட் மூட்டையின் மேல் நடப்பது போல இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு முகம் கழுவினால் சாய்ந்துவிடுவேன். ஆனி கடைசியில் கம்பெனி வேனில் ஏறக் கால் தூக்க முடியாமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். என் கணவர் முருகேசன் டெம்போ ஓட்டுகிறார். நிட்டிங் கம்பெனியிலிருந்து சாயப்பட்டறைக்குத் துணி ரோல் ஏற்றிப் போவார். அன்று ரோலை இறக்கிவிட்டு நேராக வந்து, அதே டெம்போவில் என்னை ஏற்றிக் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோனார்.

ஆஸ்பத்திரியின் பெயரை நான் எழுதவில்லை. பெயரை எழுதினால் சண்டை பெயரைப் பற்றியதாகிவிடும். பதில் சொல்ல வேண்டியவர்கள் இதைப் படித்தால் தாங்கள்தான் என்று தெரிந்துகொள்வார்கள்.

முதல் இரண்டு நாள் பரிசோதனை. நரம்பில் செய்தி எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று பார்க்கும் பரிசோதனை ஒன்று. கையிலும் காலிலும் வயரை ஒட்டி, சுருக் சுருக்கென்று கரண்டு வைப்பார்கள். கை தானாகத் துள்ளும். வலி தாங்கக்கூடியதுதான், ஆனால் அடுத்தது எப்போது வரும் என்று தெரியாமல் காத்திருப்பதுதான் கஷ்டம். இன்னொன்று, முதுகுத் தண்டில் ஊசி போட்டு உள்ளே இருக்கும் நீரை எடுப்பது. இறால் மாதிரி வளைந்து படுக்கச் சொன்னார்கள். அந்த நீரில் புரதம் ஏகமாக இருக்கிறது என்றார்கள்.

பெரிய டாக்டர் வந்து சொன்னார். "நரம்புக்கு மேல ஒரு உறை இருக்கும்மா. உங்க உடம்போட எதிர்ப்புச் சக்தியே அதைத் தாக்குது. இதுக்கு மருந்து இருக்கு. அஞ்சு நாள் ஏத்துவோம். நடந்து வீட்டுக்குப் போவீங்க."

நல்ல மனிதர். அன்று அவர் சொன்னதை அவரும் நம்பினார். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

மருந்து என்பது, மிகப் பல பேர் கொடுத்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்புப் புரதம். குளுக்கோஸ் மாதிரி சொட்டுச் சொட்டாக இறங்கும். ஒரு பாட்டில் ஏறக்குறைய என் ஒரு மாதச் சம்பளம். தினமும் எத்தனை பாட்டில் என்று நான் எண்ணவில்லை, என் கணவர் எண்ணினார். கம்பெனி இன்சூரன்ஸ் கொஞ்சம் தாங்கியது. இரண்டாவது தடவை ஏற்றும்போது டெம்போவை விற்றுவிட்டார். வாங்கியவரிடமே சம்பளத்துக்கு அதே டெம்போவை இப்போதும் ஓட்டுகிறார். இதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை என்னிடம் சொன்னதில்லை. நூர்ஜஹான் சொல்லித்தான் தெரியும்.

முதல் தடவை மருந்து ஏற்றுவதற்கு முந்தின நாள் காலையில் ஒரு பெண் வந்தாள், வெள்ளைக் கோட்டு, கழுத்தில் அட்டை. "ஆராய்ச்சிக்குக் கொஞ்சம் ரத்தம் எடுத்துக்கலாமா?" என்று கேட்டாள். நரம்பு வியாதி வந்தவர்களின் ரத்தத்தைச் சேர்த்து ஒரு விஞ்ஞானிக்கு அனுப்புகிறார்களாம். நான்கு பக்கத் தாளைக் கொடுத்தாள். பேனா பிடிக்க முடியாததால் என் பெயரைக் கோழி கிளறினாற்போல எழுதினேன். படிக்கவில்லை. எப்படித் துவைப்பது என்று பனியன் கழுத்தில் இருக்கும் கேர் லேபிளைக்கூட ஓர் எழுத்து விடாமல் படிப்பவள் நான். இதைப் படிக்கவில்லை. அது என் தப்பு. அதை ஒத்துக்கொண்டுதான் மேலே எழுதுகிறேன்.

ஆனால் ஸ்டிக்கரைப் படித்தேன். ரத்தம் எடுத்த ட்யூப்பில் பெயர் இல்லை. கே-39 என்று ஓர் எண். பழக்க தோஷம். எங்கள் கம்பெனியில் வெட்டி வரும் ஒவ்வொரு கட்டுக்கும் ஓர் எண் ஒட்டியிருக்கும். ஒரு தடவை இரண்டு கட்டு மாறி, ஓர் ஆர்டரே திரும்பி வந்தது. அதிலிருந்து எந்த ஸ்டிக்கரைப் பார்த்தாலும் எண் மனதில் ஒட்டிக்கொள்ளும்.

இங்கேதான் நான் இன்னொரு தப்பு செய்தேன். அதைத் திருப்பூர்க்காரர்கள்தான் செய்வார்கள். எங்கள் ஊரில் ஒவ்வொரு ஆர்டருக்கும் துணியில் ஒரு துண்டு வெட்டி லேபுக்கு அனுப்புவோம். துவைத்தால் சுருங்குகிறதா, சாயம் போகிறதா என்று பார்ப்பார்கள். அனுப்பியது மறந்துபோனாலும் ரிப்போர்ட் தேடி வந்துவிடும். லேபுக்குப் போன எதுவும் ரிப்போர்ட் இல்லாமல் இருக்காது. என் ரத்தத்தையும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன். ஆராய்ச்சி வேறு, வைத்தியம் வேறு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. தாளில் சொல்லியிருந்தது. நான் படிக்கவில்லை.

ஐந்து நாள் மருந்து ஏறியும் நடந்து வீட்டுக்குப் போகவில்லை. தூக்கிக்கொண்டு போனார்கள். ஒரு வாரத்தில் சரியாகும், இரண்டு வாரத்தில் சரியாகும் என்று ஆவணி பாதி ஓடிப்போனது. இப்போது கை நடுங்கத் தொடங்கியது. டம்ளரை எடுத்தால் பாதித் தண்ணீர் மடியில். ஆவணி கடைசியில் மறுபடி அட்மிட் ஆனேன். மறுபடி அதே மருந்து, அதே பாட்டில்கள். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஸ்டீராய்டு. முகம் பூசணிக்காய் மாதிரி உப்பியது, சர்க்கரை ஏறியது. நூர்ஜஹான் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"பத்தொம்போது வருசமா இந்த மூஞ்சில சதையே இல்லாம இருந்துச்சுக்கா. இப்பத்தான் லட்சணமா இருக்கறீங்க."

அவள் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வந்தாள். திருப்பூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள். முதல் தடவை வந்தபோது பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கட்டில் மேல் வைத்தாள். கம்பெனி அம்பு ஸ்டிக்கர், முழுத் தாள்.

"சூப்பர்வைசருகிட்டக் கேட்டுத்தான் எடுத்துட்டு வந்தேன். திருட்டு இல்ல. வாரத்துக்கு ஒண்ணு உரிச்சுக் கட்டில் கம்பீல ஒட்டுங்க. என்னைக்கு ஒட்டுறீங்களோ, அடுத்த நாளே மேசைக்கு வந்தரலாம்."

நான் முயன்றேன். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவள் எதிரில் உட்கார்ந்து, எதையும் பார்க்காதது போலப் பழத்தை உரித்துக்கொண்டிருப்பாள். என் விரல் தாளின் மேல் நடுங்கி நடுங்கி நகரும். தாள் கசங்கும். அம்பு வராது.

"அந்த ரத்தம் எடுத்தாங்களே, ரிப்போர்ட்டு வந்துச்சாக்கா?" என்று ஒரு தடவை கேட்டாள்.

"வரும் நூரு. லேபுக்குப் போனது வராம எங்க போவும்."

என் கணவர் லோடு இல்லாத நாளெல்லாம் வந்துவிடுவார். எனக்கு இட்லி ஊட்டுவார். முதல் வாயே முக்கால் இட்லி. டெம்போவில் ரோல் அடுக்குவது போல அடுக்குவார். தலை வாரிச் சடை போடக் கற்றுக்கொண்டார்.

"சடை கோணலா இருக்குதுங்க."

"இப்ப நீ என்ன, கல்யாணத்துக்கா போற? நேரா உட்காரு."

எனக்கு அழுகை வந்தது. அவருக்குத் தெரியாமல் இருக்க இருமினேன். அவருக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். அன்றிலிருந்து சடையை இரண்டு தடவை அவிழ்த்துப் போடுவார்.

ஐப்பசியில் மூன்றாவது தடவை அட்மிட் ஆனேன். இந்தத் தடவை பெரிய டாக்டரின் முகம் மாறியிருந்தது. அவருடைய மருந்துக்கு நான் கட்டுப்படவில்லை. டாக்டர்களுக்கு அது பிடிக்காது.

"ஏம்மா, எக்சர்சைஸ் பண்றீங்களா இல்லையா? இது மருந்துக்குக் கேக்கற வியாதி. நீங்க படுத்தே கெடந்தா கை எப்படி வரும்?"

"படுத்தே கெடக்கலீங்க டாக்டர். எந்திரிச்சா உழுந்தர்றனுங்க."

"மனசுல தைரியம் வேணும்மா. பாதி வியாதி மனசுலதான்."

மனச்சோர்வுக்கு என்று ஒரு மாத்திரை எழுதினார். என் ஃபைலில் 'ஒத்துழைப்பு போதாது' என்கிற மாதிரி ஏதோ ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை நூர்ஜஹான் போனில் படம் பிடித்து, அவள் மகளிடம் அனுப்பி அர்த்தம் கேட்டாள். கேட்டுவிட்டு என்னிடம் சொல்லவில்லை. நான்தான் பிடுங்கிக் கேட்டேன். பத்தொன்பது வருடத்தில் கம்பெனியில் என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை. அந்த ஒரு வாரம் எனக்கே என் மேல் சந்தேகம் வந்தது. நிஜமாகவே நான் முயற்சி செய்யவில்லையோ. இந்த வியாதியில் நான் பட்ட மோசமான வாரம் அதுதான். காலோ கையோ அவ்வளவு கஷ்டப்படுத்தவில்லை.

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நர்ஸ் வார்டுக்கு வந்து, கீழே ஹாலில் ஒரு விஞ்ஞானி பேசுகிறார், பேஷண்டுகளும் கூட இருப்பவர்களும் வரலாம் என்றாள். நரம்பு வியாதி பற்றியது, தமிழில்தான் பேசுவார். டீயும் பிஸ்கட்டும் உண்டு. நாற்காலி காலியாக இருக்கக் கூடாது என்றுதான் கூப்பிட்டார்கள், தெரிந்தேதான் போனோம். நூர்ஜஹான் என்னைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனாள். முன் வரிசையில் பெரிய டாக்டர் உட்கார்ந்திருந்தார்.

அப்போதுதான் உங்களை முதல் தடவையாகப் பார்த்தேன், அம்மா. கண்ணாடி, காட்டன் சேலை, பேச்சில் அவசரம் இல்லை. நீங்கள் நன்றாகப் பேசினீர்கள். அதை மறைக்க மாட்டேன். நான்கு மாதமாக எனக்கு யாரும் விளக்காததை நீங்கள் கால் மணி நேரத்தில் விளக்கினீர்கள்.

எனக்குப் புரிந்த மாதிரி அதை எழுதுகிறேன். உடம்பில் இருக்கும் செல்கள் சும்மா குவிந்து கிடக்கவில்லை. ஒன்றை ஒன்று அடையாளம் கண்டு ஒட்டிக்கொள்கின்றன. ஒட்ட வைப்பதற்கென்றே புரதங்கள் இருக்கின்றன. நரம்பு என்பது மெல்லிய இழை, அதன் மேல் உறை. உறை ஒரே நீளமாக இல்லை. துண்டு துண்டாகச் சுற்றியிருக்கிறது, ஒரு துண்டுக்கும் அடுத்ததுக்கும் நடுவே மிகச் சிறிய இடைவெளி. மூளையிலிருந்து வரும் செய்தி அந்த இடைவெளிகளில் தாவித் தாவித்தான் வேகமாகப் போகிறது. இடைவெளியின் ஓரத்தில் உறையின் விளிம்பு இழையோடு இறுக ஒட்டியிருக்க வேண்டும். உறைப் பக்கத்தில் நியூரோஃபாசின் என்று ஒரு புரதம். இழைப் பக்கத்தில் வேறு இரண்டு. இவை ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டிருக்கும். சிலருடைய உடம்பு அந்த நியூரோஃபாசினுக்கு எதிராக ஓர் எதிர்ப்புப் புரதத்தைத் தயாரித்துவிடுகிறது. அது போய் நடுவில் உட்கார்ந்துகொள்கிறது. பிடி விட்டுப்போகிறது. விளிம்பு தூக்கிக்கொள்கிறது. செய்தி வழியிலேயே கசிந்துவிடுகிறது.

நீங்கள் செருப்பில் இருக்கும் வெல்க்ரோவை உதாரணமாகச் சொன்னீர்கள். எனக்குப் பனியன் கழுத்து தோன்றியது. துணி நன்றாக இருக்கும், கழுத்தில் வைக்கும் ரிப் பட்டையும் நன்றாக இருக்கும், இரண்டையும் சேர்க்கிற இடத்தில் நூல் பிடிக்காமல் விட்டிருக்கும். மேஜையில் தினம் பார்ப்பது. துணியைக் குறை சொல்லிப் பயனில்லை.

பிறகு நீங்கள் சொன்னதுதான் என் காதில் இன்னும் இருக்கிறது. "மத்த நரம்பு வியாதிகள்ல எதிர்ப்புப் புரதம் உறையோட சண்டை போட்டு அதை அரிச்சிடும். வழக்கமா ஏத்தற மருந்து அந்தச் சண்டையைத் தணிக்கும். ஆனா இது சண்டை போடற வகை இல்லை. நடுவுல மறிச்சு நிக்கற வகை. அதனால இவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு அந்த மருந்து கேக்காது. கை நடுக்கம் அதிகமா இருக்கும். இவங்களுக்கு வேற மருந்து தரணும். இந்த ஆஸ்பத்திரியில இருந்து வந்த ரத்தத்துலயே இப்படி அஞ்சு பேரைக் கண்டுபிடிச்சோம்."

திரையில் ஐந்து எண்கள் வந்தன. மூன்றாவது கே-39.

கை தூக்க வேண்டும். தூக்க முடியவில்லை. "நூரு, என்ற கையைத் தூக்கு" என்றேன். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்து உயர்த்தினாள். அது அவள் பிடிக்குள் நடுங்கிக்கொண்டிருந்தது.

"கே முப்பத்தொம்போது நானுங்க."

நீங்கள் "என்னம்மா?" என்றீர்கள்.

"மூணாவதா போட்டிருக்கறீங்களே, அது என்ற ரத்தமுங்க. கேக்காதுன்னு இப்பச் சொன்னீங்களே, அந்த மருந்தைத்தானுங்க எனக்கு ரெண்டு தடவை ஏத்துனாங்க."

பெரிய டாக்டர் திரும்பிப் பார்த்தார்.

"அது உங்களோடதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று நீங்கள் கேட்டீர்கள்.

"ட்யூப்புல ஸ்டிக்கரைப் படிச்சனுங்க. ஸ்டிக்கர் பாக்கறதுதானுங்க என்ற வேலையே."

அப்போது நீங்கள் ஒன்று செய்தீர்கள். ஓர் அடி பின்னால் போய்ப் படத்தை அணைத்தீர்கள். திரை வெள்ளையானது. பதற்றத்தில் செய்திருப்பீர்கள், தெரியும். ஆனால் அதற்குள் நான் ஐந்து எண்களையும் படித்துவிட்டேன்.

அன்று மதியம் நீங்கள் என் கட்டிலுக்கு வந்தீர்கள். அதற்கு நன்றி சொல்ல வேண்டும். பலர் வந்திருக்க மாட்டார்கள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, என் கையைப் பார்த்தீர்கள்.

"எப்பத் தெரியுமுங்க உங்களுக்கு?" என்று கேட்டேன்.

"ஆவணி கடைசியில. எங்களுக்கு நம்பர் மட்டும்தான் தெரியும்மா. பேர் தெரியாது. பேர் தெரிஞ்சா பார்வை மாறிடும்னு அப்படி ஒரு விதி. பட்டியலை இங்க அனுப்பிட்டோம்."

"அனுப்புனா?"

"எந்த நம்பர் யாருன்னு எழுதின ரிஜிஸ்டர் இங்க டாக்டர் பீரோல இருக்கு. அதைத் திறந்து பார்க்கக் கூடாதுன்னுதான் விதி. எங்க லேப் ஆராய்ச்சி லேப். நாங்க சொல்றதை வெச்சு வைத்தியம் பண்ணக் கூடாது. தப்பா இருந்தா யாருக்கு ஆபத்து? உங்களுக்குத்தானே?"

அங்கே நின்றிருந்த நூர்ஜஹான் சொன்னாள். "ஏனுங்கம்மா, எங்க ஊர்ல ஒரு டீ-சர்ட்டுல சாயம் போகுதுன்னு லேபுக்காரருக்குச் சந்தேகம் வந்தாலே போன் பண்ணுவாருங்க. 'எனக்கு உறுதியாத் தெரியல, லாட்டை நிறுத்துங்க, இன்னொரு பீஸ் அனுப்புங்க'ன்னு சொல்லுவாரு. எங்கக்கா டீ-சர்ட்டைவிடக் கேவலமுங்களா?"

நீங்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்கள். மறுபடி மாட்டிக்கொண்டு, "கேட்டிருக்கலாம்தான்" என்றீர்கள். அவ்வளவுதான். அது மன்னிப்பா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

எண் உங்களிடம் இருந்தது. பெயர் பெரிய டாக்டரிடம் இருந்தது. இரண்டையும் சேர்ப்பது யார் வேலையும் இல்லை. ஆவணி கடைசி என்று நீங்கள் சொன்ன அதே வாரம்தான் மாடியில் எனக்கு இரண்டாவது தடவை மருந்து ஏறிக்கொண்டிருந்தது. எங்கள் டெம்போ போனதும் அந்த வாரம்தான்.

மறு நாள் புதிதாக ரத்தம் எடுத்து, வைத்தியத்துக்கு அங்கீகாரம் பெற்ற வேறொரு லேபுக்கு அனுப்பினார்கள். இந்தத் தடவை ட்யூப்பில் என் பெயர் இருந்தது. முடிவு அதேதான். மார்கழியில் புது மருந்து தொடங்கினார்கள். ரிட்டுக்ஸிமாப் என்று பெயர். உடம்பில் எதிர்ப்புப் புரதத்தைத் தயாரிக்கும் செல்களின் ஊற்றை வற்றச் செய்யும். அதற்கு முன்னால் காசநோய், மஞ்சள்காமாலைக் கிருமி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஏற்றும்போது குளிர் வரலாம், எனக்கு வந்தது, சொட்டைக் குறைத்ததும் நின்றது. உடனே பலன் தெரியாது. பயப்பட வேண்டாம், வாரங்கள் ஆகும். கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், முக்கியமாகத் தாளைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

பெரிய டாக்டர் ஒரு நாள் ரவுண்ட்ஸ் வந்தபோது என் ஃபைலில் 'ஒத்துழைப்பு போதாது' என்ற வரியை அடித்தார். நானாகக் கேட்கவில்லை. அடித்துவிட்டு, "நீங்க முயற்சி பண்ணிட்டுத்தான் இருந்திருக்கீங்க" என்றார். நான் "ஆமாங்க" என்றேன். வேறென்ன சொல்ல.

மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டில், நூர்ஜஹான் எதிரில் உட்கார்ந்து கொய்யாப்பழம் அறுத்துக்கொண்டிருந்தாள். தாள் பழசாகி ஓரமெல்லாம் சுருண்டிருந்தது. என் நகம் ஓர் அம்பின் நுனிக்கு அடியில் போனது. இழுத்தேன். வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டில் கம்பி இங்கே இல்லை, அதனால் அவள் நெற்றியில் ஒட்டினேன்.

"என்னக்கா இது, நானு ரிஜெக்ட்டா?"

"மூக்குல கொஞ்சம் ஆல்ட்டரேசன் இருக்குது."

என் கணவர் உள்ளே போய்விட்டார். மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது.

ஆனியிலிருந்து மேஜைக்குப் போகிறேன். ஒரு ஷிப்ட்தான். இடையில் உட்கார்ந்துகொள்ள ஸ்டூல் கொடுத்திருக்கிறார்கள். நடுக்கம் முழுதாகப் போகவில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மருந்து ஏற்ற வேண்டியிருக்கலாம். ஆனால் சோற்றை நானே பிசைகிறேன். சடையை மட்டும் அவரையே போட விடுகிறேன்.

என் கதை இத்தோடு முடிந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். எனக்குக் கிடைக்க வேண்டியது கிடைத்துவிட்டது. விஞ்ஞானி அம்மா, உங்கள் ஆராய்ச்சி இல்லாவிட்டால் என் வியாதிக்குப் பெயரே இருந்திருக்காது. அதுவும் எனக்குத் தெரியும். நீங்கள் பல வருடம் கண் வலிக்க உட்கார்ந்து கண்டுபிடித்ததுதான் என் கையைத் திருப்பிக் கொடுத்தது. ஆனால் அது எனக்கு வந்து சேர்ந்தது உங்களாலும் இல்லை, டாக்டராலும் இல்லை. நான் ஸ்டிக்கர் படிக்கிறவள் என்பதால் வந்தது.

ஸ்டிக்கர் படிக்காதவர்கள் நான்கு பேர் இருக்கிறார்கள்.

கே-12. கே-26. கே-53. கே-61.

இவர்களுக்குச் சொல்லியாயிற்றா என்று சித்திரையில் ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதினேன். ரகசியம் என்று பதில் வந்தது. யார் என்று நான் கேட்கவில்லை. சொன்னீர்களா என்றுதான் கேட்டேன். மறுபடி எழுதினேன். பதிலே வரவில்லை.

நான் கையெழுத்துப் போட்ட தாளின் நகலை வாங்கி வைத்திருக்கிறேன். மூன்றாவது பக்கத்தில் அந்த வரி இருக்கிறது: ஆய்வின் முடிவுகள் தனிநபர்களுக்குத் தெரிவிக்கப்பட மாட்டாது. அதன் மேல் ஓர் அம்பு ஒட்டியிருக்கிறேன். நானே உரித்து, நானே ஒட்டினேன், கொஞ்சம் கோணலாக இருக்கிறது. எங்கள் மேஜையில் அம்பு ஒட்டிய பீஸ் என்றால் ஒரே அர்த்தம். யாராவது ஒருவர் எழுந்து வந்து, இது என் கையில் நடந்தது, சரி செய்து தருகிறேன் என்று சொல்லும் வரை அது நகராது.

விஞ்ஞானி அம்மா, பெரிய டாக்டர், இந்த வரியைச் சரி என்று ஒப்புக்கொண்ட குழுவில் இருக்கும் எல்லோரும்: எனக்குத் தனியாகக் கடிதம் வேண்டாம். நீங்கள் படம் போட்ட அதே ஹாலில், நாற்காலியெல்லாம் நிறையும்படி பேஷண்டுகளைக் கூப்பிட்டு வைத்து, மேடையில் நின்று சொல்லுங்கள். அந்த நான்கு பேரில் எத்தனை பேருக்குச் சொன்னீர்கள்? எத்தனை பேருக்கு இன்றைக்கும் அந்தப் பழைய மருந்தே ஏறிக்கொண்டிருக்கிறது?